குழாயடியில் நிறுத்திய வண்டி

என் வீட்டுக்காரர் முப்பத்தொரு வருடம் அரசு பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற மற்ற டிரைவர்கள் வீட்டில் உட்கார்ந்து டி.வி. பார்த்தார்கள். இவருக்கு மட்டும் கால் பிரேக்கைத் தேடியது. சாப்பிடும்போதுகூடத் தரையை மிதித்துக்கொண்டிருப்பார். கடைசியில் ஒரு பழைய பள்ளிக்கூட வேனை வாங்கி, சீட்டுகளைக் கழற்றிவிட்டு, இரும்புக் கட்டில், தண்ணீர் டிரம், சின்ன சிலிண்டர், ஒற்றை அடுப்பு என்று உள்ளே ஒரு குடித்தனத்தையே வைத்துவிட்டார். மஞ்சள் நிறம் தெரியாமல் வெள்ளை அடித்தார். நானும் அதே வருடம்தான் சத்துணவு அமைப்பாளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன். பிள்ளைகளுக்குக் கல்யாணமாகி ஆளுக்கொரு ஊரில் இருந்தார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கும் காரணம் அகப்படவில்லை.

சக்கரம் வைத்த வீடு இருக்கும்போது லாட்ஜுக்குப் பணம் கொடுப்பவன் மடையன் என்பது அவர் கட்சி. அதனால் பொழுது சாயச் சாய எங்களுக்கு ஒரே வேலைதான், காசு கேட்காத இடம் தேடுவது. முகூர்த்தம் இல்லாத நாளில் கல்யாண மண்டபத்து வாசல், அறுவடை முடிந்த நெல் கொள்முதல் நிலையம், ஓடாமல் கிடக்கும் எடை மேடை என்று எங்கெல்லாமோ படுத்திருக்கிறோம். ஒரு தடவை நல்ல சிமெண்டுத் தரை, தகரக் கொட்டகை, பக்கத்திலேயே அடிபம்பு என்று அவர் பெருமையாக நிறுத்திய இடம், விடிந்து பார்த்தால் சுடுகாடு. பாடையோடு வந்தவர்கள் எங்களை எழுப்பி, வண்டியைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொன்னார்கள். அன்றைக்குக்கூட எனக்குப் பயமாக இல்லை, சிரிப்புத்தான் வந்தது.

பயந்தது ஒரே ஒரு ஊரில்தான். நடந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஊரில் ஒரு சாயங்காலம் நான் அடுப்பைப் பற்றவைக்கப் பார்த்தேன். பற்றியிருந்தால் நானும் இல்லை, அவரும் இல்லை, அந்தத் தெருவில் பாதியும் இல்லை. அது தெரிந்த ஒரு பெண் எங்களைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். வாயைத் திறந்தால் அவளுக்கு ஜெயில், திறக்காவிட்டால் எல்லோருக்கும் சாவு. எனக்கு இது எதுவும் அப்போது தெரியாது. அவள் வந்து நின்ற ஒவ்வொரு தடவையும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடி வந்திருந்தோம். மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு ஆற்றுமணலிலேயே வண்டியைப் போட்டுப் படுக்கலாம் என்பது திட்டம். போய்ப் பார்த்தால் ஆறு முழுக்க வேனும் லாரியும் டிராக்டரும். எள் போட்டால் எண்ணெய் ஆகிவிடும். கும்பிட்ட கையோடு கிளம்பினோம். சாத்தூரைத் தாண்டி மேற்கே போகிற ஒரு சின்ன ரோட்டில் இவர் வண்டியைத் திருப்பினார். ஏன் அந்த ரோடு என்று கேட்டேன். கூட்டம் எல்லாம் கிழக்கே போகும்போது மேற்கேதானே இடம் கிடைக்கும் என்றார். பஸ் ஓட்டிய காலத்திலும் இப்படித்தான், அவர் சொல்வதில் பாதி சரியாக இருக்கும்.

இரண்டு பக்கமும் கரிசல்காடு, சீமைக் கருவேலம், நடுவில் தள்ளித் தள்ளிச் சின்னச் சின்னக் கட்டடங்கள். ஆடிக்காற்று வண்டியை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே வந்தது. ரோட்டை விட்டு ஒரு மேடு ஏறியதும் ஒற்றைத் தெரு ஊர். ஊர் முகப்பிலேயே பூட்டிக் கிடந்த ஒரு பழைய தீப்பெட்டி ஆபீஸ். அந்தப் பக்கத்தில் தீப்பெட்டிக் கம்பெனியை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். நீளமான ஓட்டுக் கட்டடம், முன்னால் சிமெண்டுக் களம், ஒரு வேப்பமரம், அதன் ஓரத்தில் பிளாஸ்டிக் தொட்டியும் குழாயும். தண்ணீர், நிழல், சமதரை. இவருக்கு வாயெல்லாம் பல்.

நாங்கள் மேடேறும்போது குழாயடியில் ஐந்தாறு பெண்கள் நின்றதை நான் என் கண்ணால் பார்த்தேன். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினால் ஒருத்தியும் இல்லை. குடங்கள் மட்டும் வரிசையாக இருந்தன. குழாய்க்கு அடியில் இருந்த குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. யாராவது வந்து எடுப்பார்கள் என்று பார்த்தேன். யாரும் வரவில்லை. நானே போய்க் குழாயை மூடினேன்.

தெருவில் கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. அந்தி நேரத்தில், அதுவும் ஆடி வெள்ளியில், எந்த ஊரில் கதவைச் சாத்துவார்கள்? விளக்கு வைக்கிற நேரமல்லவா. டி.வி. சத்தம் இல்லை, குழந்தை அழுகிற சத்தம் இல்லை, யாரும் யாரையும் கூப்பிடவில்லை. வீடுகளுக்குள் ஆள் இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. ஒரு ஜன்னலில் சேலைத் திரை அசைந்தது. காற்றுக்கு உள்பக்கமாகப் போக வேண்டிய திரை வெளிப்பக்கமாக வந்தது.

ஊரே கோயிலுக்குப் போயிருக்கும் என்றார் இவர். நான் வேப்பமரத்தடியில் நின்று வழக்கம்போல நோட்டை எடுத்தேன். எந்த ஊரில் எந்த இடத்தில் படுத்தோம், தண்ணீர் இருந்ததா, கொசு இருந்ததா என்று தினமும் எழுதி வைப்பேன். கட்டடத்தைப் பார்ப்பேன், எழுதுவேன், தெருவைப் பார்ப்பேன், எழுதுவேன். திரும்பினால் எனக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. அதன்மேல் மூடி திறந்த கலர் சோடா பாட்டில் ஒன்று, நுரை அடங்காமல். கொண்டுவந்து வைத்தவர்களின் காலடிச் சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. இவர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து, சர்க்கரை வியாதிக்காரர் என்பதையும் மறந்து பாட்டிலைத் தூக்கினார். நான் பிடுங்கிக் கீழே ஊற்றினேன்.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு கையையும் முந்தானைக்குள் சுற்றி மறைத்திருந்தாள், குளிருகிற மாதிரி. என் முகத்தைப் பார்க்காமல் என் நோட்டைப் பார்த்தே பேசினாள். இங்கே பாம்பு நடமாட்டம் அதிகம், பள்ளிக்கூடத்துப் பக்கம் லைட் இருக்கிறது, வண்டியை அங்கே போட்டுக்கொள்ளலாமே என்றாள். வந்தவர்களைக் கிளப்ப ஊர்கள் சொல்கிற சாக்குகள் எங்களுக்கு அத்துப்படி. பேய் இருக்கிறது என்பார்கள், முனி நடமாட்டம் என்பார்கள். இவர் விட்டுக்கொடுக்கவில்லை. தன் பஸ்ஸிலேயே ஒரு தடவை பாம்பு ஏறியது, டிக்கெட் மட்டும்தான் எடுக்கவில்லை என்றார். அவள் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனாள். போனவள் வீட்டுக்குள் போகவில்லை. கட்டடத்து மூலையில் இருட்டோடு இருட்டாக நின்றாள்.

ஏழேகாலுக்கு இவர் இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டார். போட்டால் அரைமணி நேரத்துக்குள் சாப்பிட்டாக வேண்டும். தப்பினால் வியர்த்துக்கொட்டும், கை நடுங்கும், பேச்சுக் குழறும். அதனால் நான் ரவைக் கஞ்சி போட அடுப்பை இறக்கினேன். வண்டிக்குள் சமைத்தால் வெக்கை தாங்காது என்று எப்போதும் வெளியில் வைத்துத்தான் சமைப்பேன். அடுப்பைப் பார்த்ததும் அவள் மறுபடியும் வந்தாள். இந்தத் தடவை ஓட்டமும் நடையுமாக.

"அடுப்பு பத்த வைக்காதீகம்மா. சோறு நான் கொண்டாரேன். எங்க வீட்ல இப்பதான் வடிச்சது."

யார் என்றே தெரியாத வீட்டில் சோறு வாங்கித் தின்ன எனக்கு என்ன தலையெழுத்து என்று கோபம் வந்தது. வேண்டாம் தாயி, எங்களிடம் எல்லாம் இருக்கிறது என்றேன். அவள் போகாமல் நின்றாள். நான் தீப்பெட்டியை எடுத்து ஒரு குச்சி கிழித்தேன். காற்று அணைத்தது. அவள் ஒரு அடி பின்னால் போனாள். இரண்டாவது குச்சியும் அணைந்தது. மூன்றாவது கிழித்தபோது தெருவில் எங்கோ ஒரு கதவுக்குப் பின்னாலிருந்து பலபேர் ஒன்றாக மூச்சை இழுக்கிற சத்தம் வந்தது. நாங்கள் வந்து ஒன்றரை மணி நேரத்தில் அந்தத் தெருவிலிருந்து கேட்ட முதல் சத்தம் அதுதான். அந்தக் குச்சியும் அணைந்தது.

காற்றுப் படாத பக்கம் பார்த்து வை என்றார் இவர் வண்டிக்குள்ளிருந்து. காற்றுப் படாத பக்கம் என்றால் கட்டடத்துச் சுவர். சிலிண்டரையும் அடுப்பையும் தூக்கிக்கொண்டு சுவரோரம் போனேன். அங்கே ஒரு ஜன்னலில் கதவு பாதி பெயர்ந்திருந்தது. கந்தகம் மாதிரி ஒரு நெடி. பழைய தீப்பெட்டி ஆபீஸ்தானே, மருந்து வாடை சுவரிலேயே ஊறியிருக்கும் என்று நினைத்தேன். அடுப்பை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, இருட்டுக்குப் பழகிய கண்ணோடு ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தேன்.

உள்ளே தலைமுடி தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்று இரண்டு அல்ல, அறை முழுக்க. உத்தரத்திலிருந்து தரைவரை கருகருவென்று வரிசை வரிசையாக, பெண்கள் தலையை விரித்துப் போட்டு முதுகைக் காட்டி நிற்கிற மாதிரி. காற்று ஓட்டு இடுக்கு வழியாகப் புகுந்தபோது எல்லாம் ஒன்றாக அசைந்தன. கையில் தீப்பெட்டி இருந்தது. பயத்தில் மனிதர்கள் செய்கிற முட்டாள்தனம் இருக்கிறதே, வெளிச்சம் காட்டிப் பார்க்கலாம் என்று நான் குச்சியை எடுத்தேன்.

என் மணிக்கட்டை யாரோ பிடித்தார்கள். அவள்தான். முந்தானைக்குள்ளிருந்து அப்போதுதான் அந்தக் கைகள் வெளியே வந்தன. முழங்கை வரைக்கும் கறுப்பு. விரல் இடுக்கு, நகம், ரேகை எல்லாம் கறுப்பு.

"உள்ள கருந்திரி காயுது. வெடிக்குப் போடுற திரி, மருந்துல முக்குன நூலு. ஒரு பொறி பட்டா ஒண்ணும் மிஞ்சாது" என்றாள். "லைசன்ஸ் கெடையாது. எங்க ஏழெட்டு வீட்டுச் சரக்கு. பிறத்தியார எழுதாதீக. என் பேரை மட்டும் எழுதிக்கோங்க. மொதல்ல வண்டிய எடுங்க, ஆபீசரம்மா."

அப்போதுதான் எனக்கு எல்லாம் உறைத்தது. வெள்ளை வேன். காக்கிச் சட்டை போட்ட டிரைவர். ரிட்டயர் ஆகியும் இவர் அந்தச் சட்டையை விடவில்லை. மூக்குக்கண்ணாடி போட்டு, கட்டடத்தைப் பார்த்துப் பார்த்து நோட்டில் எழுதுகிற ஒரு பொம்பளை. தீபாவளி சீசன் வேலை சூடு பிடிக்கிற ஆடி மாதம். ஊரே எங்களை ரெய்டுக்கு வந்த ஆபீசர் என்று நினைத்து மூச்சை அடக்கிக்கொண்டிருந்திருக்கிறது. குழாய் எங்களிடம் இருந்ததால் கையைக் கழுவக்கூட யாரும் வெளியே வர முடியவில்லை. பொழுதெல்லாம் பாம்பு என்றும் சோறு என்றும் சொல்லிப் பார்த்த அவள், கடைசியில் தன்னையே பிடித்துக் கொடுத்துவிட்டாள். என்னைக் காப்பாற்ற. நான் அவள்மேல் எரிச்சல் பட்டதை நினைத்து எனக்குக் கூசியது.

வண்டியிலிருந்து இவர்தான் இறங்கி வந்தார். "தாயி, நாங்க ஆபீசர் ஒண்ணும் கெடையாது. வண்டியப் போட்டுப் படுக்க எடம் தேடி வந்தோம்" என்றார். அவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, சிலிண்டரை அவளே தூக்கிக்கொண்டு போய் வண்டிக்குள் வைத்தாள்.

இவர் சாவியைத் தொட்டார். தொட்ட கையை எடுத்துவிட்டார். பழைய டீசல் வண்டி, ஸ்டார்ட் செய்யும்போது சைலன்சரில் பொறி பறக்கும், அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். வரும்போது தெரியாமல் வந்தோம். தெரிந்த பிறகு எவனால் சாவியைத் திருக முடியும்? அவள் தெருவைப் பார்த்து ஒரு தடவை கையைத் தட்டினாள். என்னைப் பிடித்து முன்சீட்டில் ஏற்றினாள். லைட்டைத் தொடாதீர்கள், பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்றாள்.

கதவுகள் திறந்தன. கீச்சென்று ஒரு சத்தம்கூட இல்லாமல் திறந்தன. கண்ணாடியில் இருட்டு மட்டும் நகர்ந்து வருவது தெரிந்தது. வண்டியின் பின்பக்கத்தில் பட், பட், பட் என்று கைகள் வந்து விழுந்தன. வெறுங்கால்கள் மண்ணை ஊன்றுகிற சத்தம். ஏலேலோ இல்லை, தள்ளு என்று ஒரு குரல் இல்லை. இத்தனை பேர் சேர்ந்து ஒரு பாரத்தைத் தள்ளும்போது வாய் திறக்காமல் இருந்ததை நான் என் வாழ்க்கையில் பார்த்ததில்லை. மூச்சு மட்டும் கேட்டது, சில மூச்சு கனமாக, சில மூச்சு சன்னமாக. வண்டி களத்தை விட்டு நகர்ந்து, மேட்டிலிருந்து சரிந்து, தார் ரோடு வரை தானாகவே உருண்டது. இவர் ஸ்டியரிங்கைப் பிடித்த கை நடுங்கியது. பயத்தாலா, சர்க்கரை இறங்கியதாலா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு சர்க்கரைக் கட்டியை அவர் வாயில் திணித்தேன்.

ரோட்டில் நின்ற பிறகு பார்த்தால் பின்னால் யாருமே இல்லை. அவள் மட்டும் ஒரு தூக்குவாளியோடு ஜன்னல் பக்கம் வந்தாள். சோறும் பருப்புக் குழம்பும். வாளியைத் திருப்பிக் கொடுக்க வரவேண்டாம் என்றாள். பிறகு கையை ஜன்னலுக்குள் நீட்டினாள்.

"யார்ட்டயும் சொல்ல மாட்டோம்னு இருக்கன்குடி ஆத்தா மேல அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க."

அவள் உள்ளங்கையில் என் கையை அடித்தேன். யோசிக்கவே இல்லை. எங்கள் உயிரைக் காப்பாற்றியவள் கேட்கும்போது யோசிக்க என்ன இருக்கிறது? அவள் கை சுரசுரவென்று இருந்தது.

இவர் சாப்பிட்டுத் தெளிந்ததும் நாற்கரச் சாலைக்கு வந்து, ஒரு பெட்ரோல் பங்கில் லாரிகளுக்கு நடுவில் வண்டியைப் போட்டோம். லாரிக்காரர்கள் கத்திப் பேசினார்கள், பாட்டுப் போட்டார்கள். அந்த இரைச்சல் எனக்குத் தாலாட்டு மாதிரி இருந்தது.

விடிந்ததும் பல் விளக்கிக்கொண்டே வண்டிக்குப் பின்னால் போனேன். வெள்ளைப் பெயிண்ட் முழுக்கக் கைகள். கறுப்புக் கைகள், ஐந்து விரலும் விரிந்து, ஒன்றின்மேல் ஒன்றாக, கதவை மறைத்து, நம்பர் பிளேட்டை மறைத்து. தோள் உயரத்தில் இருந்தவை ஆண்களுடையவை, அதற்குக் கொஞ்சம் கீழே பெண்களுடையவை. நான் குனிந்தேன். இடுப்பு உயரத்தில் சின்னக் கைகள் இருந்தன. அதற்கும் கீழே, பம்பரை ஒட்டி, இன்னும் சின்னவை. தட்டை நீட்டுகிற கையைப் பார்த்தே எத்தனாம் வகுப்பு என்று சொல்கிறவள் நான். சின்னக் கைகள் மட்டும் பதினொன்று எண்ணினேன். அவற்றில் மூன்று ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத கைகள்.

தள்ளுவதற்கு வந்ததால் பட்ட கறுப்பு அல்ல அது. தள்ள வரும்போதே அந்தக் கைகள் கறுப்பாக இருந்தன.

சன்னமாகக் கேட்ட மூச்சு யாருடையது என்று புரிந்தபோது எனக்கு வாயில் இருந்த பற்பசை கசந்தது. போனால் கலெக்டர் ஆபீஸ் இருக்கிறது, குழந்தைகளுக்கென்று போன் நம்பர் இருக்கிறது, பள்ளிக்கூடத்துச் சுவரில் எழுதிப் போட்டதே நான்தான். போய்ச் சொன்னால் முதலில் பிடிபடுகிறவள் அவள். சரக்கு வாங்கிப் போகிற முதலாளி பிடிபட மாட்டான். சொல்லாவிட்டால் அந்த அறையில் திரி நாளைக்கும் காயும், நாளைக்கும் அந்தக் கைகள் அதை முக்கும். ஆத்தா மேல் அடித்த சத்தியம் வேறு. சத்தியத்தின்மேல் பழியைப் போடுவது சுலபமாக இருந்தது என்பதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். இன்றுவரை அந்தப் பக்கத்தில் எங்காவது வெடி விபத்து என்று செய்தி வந்தால் ஊர்ப் பெயரை வாசிக்கும்வரை எனக்கு மூச்சு வருவதில்லை. பெயர் வேறாக இருந்தால் நிம்மதியாக இருக்கிறது. அந்த நிம்மதியை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இவர் பங்கிலிருந்து வாளியில் தண்ணீரும் ஒரு பழைய துணியும் வாங்கிக்கொண்டு வந்தார். கைகளைப் பார்த்தார். அவரும் குனிந்து கீழே வரை பார்த்தார். துணியை நனைக்காமல் என் பக்கம் திரும்பினார்.

"என்ன செய்ய? போயிச் சொல்லிருவமா?" என்று கேட்டார்.

நான் அவர் கையிலிருந்து வாளியை வாங்கினேன்.

"நான் தண்ணி ஊத்துதேன்" என்றேன். "நீங்க தேயுங்க."